வாள் உறையிலேயே இருக்கட்டும்: சண்டையில்லாத ரோல்பிளேயிங் அமர்வு நடத்துவது எப்படி

“அடுத்த வாரம் சண்டையே இல்லாம ஒரு அமர்வு வைக்கலாமா?” என்று உங்கள் ரோல்பிளேயிங் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர், “அப்போ மூணு மணி நேரமும் பேசிக்கிட்டே இருக்கணுமா?” என்பார். இன்னொருவர், “எனக்கு நடிக்கல்லாம் வராதே” என்று பின்வாங்குவார். மூன்றாமவர் பேச்சே இல்லாமல் பகடைகளைப் பைக்குள் போட்டுக் கட்டத் தொடங்கியிருப்பார்.

மூன்று பேருமே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சண்டையில்லாத அமர்விலும் ஆபத்து உண்டு, பகடை உண்டு, தோல்வி உண்டு. நடிக்கத் தெரியாதவருக்கும் அதில் வேலை உண்டு. ஆனால் இத்தகைய அமர்வுகள் பல நேரம் சப்பென்று போய்விடுவது உண்மைதான். காரணம், சண்டையை நீக்கிய ஜிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், சண்டை அதுவரை சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகளை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டதுதான். அந்த வேலைகள் என்னென்ன, எதனிடம் எப்படி ஒப்படைப்பது என்பதே இந்தக் கட்டுரை.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு

மேசையைச் சுற்றிச் சிலர் உட்கார்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். உலகத்தை விவரிப்பதும், அதில் வரும் காவலர், வணிகர், அரசி எல்லோராகவும் பேசுவதும் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, “நான் இதைச் செய்கிறேன்” என்று சொல்கிறார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருளும்.

எல்லோருக்கும் தெரிந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை எடுத்துக்கொண்டால், இருபது பக்கப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்கு ஏற்ற எண்ணைக் கூட்டி, ஜிஎம் மனதில் வைத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுவார்கள். அந்த எண்ணை இங்கே கடின எண் என்று அழைப்போம். 10 என்றால் எளிது, 15 நடுத்தரம், 20 கடினம். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு விதி தெரிந்தால் போதும்.

சண்டை எப்படி நடு இடத்தைப் பிடித்தது

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, அதன் வேர் சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளில் இருந்தது. பெற்றவர் சாயல் பிள்ளைக்கு வருவதுபோல, சண்டைக்கான விதிகள் பக்கம் பக்கமாக வளர்ந்தன. பேச்சுக்கும் தேடலுக்கும் சில பத்திகளே கிடைத்தன. விதிப்புத்தகத்தில் எது தடிமனாக இருக்கிறதோ அதுதான் ஆட்டம் என்று புதியவர் நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் பழைய ஆட்டம் நாம் நினைப்பதுபோல் வெட்டுக்குத்து மயமாக இல்லை. அன்று பாத்திரம் வளர உதவும் அனுபவப் புள்ளியின் பெரும்பங்கு நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவந்த புதையலுக்குத்தான். அரக்கனைக் கொன்றால் கிடைத்தது சொற்பம். 1981-இல் வந்த பேசிக் பதிப்பில், எதிரே வரும் உயிரினம் என்ன மனநிலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஜிஎம் இரண்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்டுவார். இரண்டும் சேர்ந்து 2 விழுந்தால் மட்டுமே அது உடனே பாயும். அதாவது 36-இல் ஒரு முறை. மற்ற நேரங்களில் அது உறுமும், தயங்கும், பேசும், சில நேரம் நட்பாகவும் இருக்கும். அந்தக் காலத்துப் பாத்திரங்களை மாவீரர்கள் என்பதைவிடக் கெட்டிக்காரத் திருடர்கள் என்று சொல்வது பொருந்தும்.

ரயிலைப் பிடிக்க ஓடும் நால்வர்

நான்கு நண்பர்கள் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்கிறார்கள். ரயில் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கிறது. பயணச்சீட்டு யார் பையில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒருவர் பைகளைக் கொட்டித் தேடுகிறார், ஒருவர் நடைமேடை எண்ணை விசாரிக்க ஓடுகிறார், ஒருவர் பரிசோதகரிடம் கெஞ்சுகிறார், நான்காமவர் எல்லோருடைய சுமையையும் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்.

இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது. ஏன்? நேரம் ஓடுகிறது. கையிலிருப்பது குறைந்துகொண்டே வருகிறது: நிமிடம், மூச்சு, பரிசோதகரின் பொறுமை. நால்வருக்கும் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. கடைசியில் ஏறினார்களா, விட்டார்களா என்று ஐயமில்லாமல் தெரிந்துவிடும்.

ஆட்டத்தில் சண்டை செய்வதும் இதே நான்கு வேலைகளைத்தான். ஓங்கிய கோடரி காத்திருக்காது என்பதால் அவசரம் வருகிறது. ஹிட் பாயிண்ட் எனும் உயிர்ப்புள்ளி இறங்கிக்கொண்டே வருவதால் இழப்பு கண்முன் தெரிகிறது. யாருக்குப் பின் யார் என்ற வரிசை இருப்பதால், வாயே திறக்காதவருக்கும் முறை வந்துவிடுகிறது. ஒரு பக்கம் விழுந்ததும் காட்சி முடிகிறது. இனி என்ன என்று யாரும் விழிப்பதில்லை.

சுருங்கச் சொன்னால், அவசரம், குறைந்துவரும் கையிருப்பு, முறை, முடிவு என்ற நான்கையும் சண்டை இலவசமாகத் தருகிறது. அதை எடுத்தால் நான்கையும் ஜிஎம் தானே ஏற்பாடு செய்ய வேண்டும்.

வெட்டினால் தீராத சிக்கல் வேண்டும்

முதல் படி சிக்கலைத் தேர்ந்தெடுப்பது. பலரும் சறுக்குவது இங்கேதான். கொடுங்கோலன் ஒருவனைக் கதையில் வைத்துவிட்டு, அவனைத் தொடாதே என்று சொன்னால் ஆட்டக்காரர்களுக்கு எரிச்சல்தான் வரும். யாரைக் கொன்றாலும் நிலைமை மோசமாகும் சிக்கலே இதற்குத் தோதானது: உண்மையை நிரூபிப்பது, இரண்டு தரப்பைச் சமாதானப்படுத்துவது, வெள்ளம் வருமுன் ஊரைக் காலி செய்வது, பூட்டிய இடத்திலிருந்து ஒரு பொருளைச் சத்தமில்லாமல் எடுப்பது, வழக்கில் வாதாடுவது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கடைசிவரை இதுவே வரும். ஒரு கோட்டை நகரம். கோபுரத்தின் பெரிய மணியைக் காணவில்லை. ஆற்றங்கரை ஓடக்காரர்கள்தான் திருடினார்கள் என்று பேச்சு. விடிந்ததும் கோட்டைத் தலைவி அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றும் ஆணையில் முத்திரை வைக்கப் போகிறார். நம் பாத்திரங்களுக்கு இருப்பது ஓர் இரவு.

நடந்தது இதுதான்: மணி விரிசல் விட்டுவிட்டது. தன் கவனக்குறைவு என்பார்களே என்று பயந்த கோபுரக் காவலர், நண்பரான கொல்லரின் உதவியோடு இரவோடு இரவாக அதை இறக்கி, பட்டறைக்குப் பின்னால் குழியில் புதைத்துவிட்டார். கொல்லத் தகுந்த வில்லன் இந்தக் கதையில் இல்லை. காவலரை வெட்டினால் சாட்சி போச்சு, ஓடக்காரர்களும் போச்சு.

அவசரத்துக்கு ஒரு கடிகாரம்

ஒரு தாளில் வட்டம் வரைந்து, பலகாரத்தைப் பங்கு போடுவதுபோல் 4, 6 அல்லது 8 துண்டாகக் கோடு போடுங்கள். இதைக் கடிகாரம் என்கிறார்கள். 2017-இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தால் பரவலாகப் பேசப்பட்ட கருவி இது. எந்த ஆட்டத்திலும் அப்படியே பொருந்தும். வட்டத்துக்கு மேலே, நிறைந்தால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். நம் கதையில்: “விடியல். ஆணையில் முத்திரை விழும்.”

மூன்று மணி நேர அமர்வுக்கு 8 துண்டு சரியாக வரும். 4 துண்டு போட்டால் இரண்டாவது காட்சியிலேயே விடிந்துவிடும். 12 போட்டால் யாருக்கும் பதற்றமே வராது. நிரப்பும் கணக்கு எளிது: பகடையில் தோற்றால் ஒரு துண்டு, நேரம் பிடிக்கும் வேலைக்கு ஒரு துண்டு, நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்வர ஒரு துண்டு, ஊரையே எழுப்பும்படி எதையாவது செய்துவைத்தால் இரண்டு.

தாளை மேசை நடுவில் வையுங்கள். இதை ஜிஎம் தன் திரைக்குப் பின்னால் ஒளித்துவைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆட்டக்காரர் கண்ணில் படாத கடிகாரம் யாரையும் அவசரப்படுத்தாது. நிறையும்வரை உலகம் அசையாமல் இருப்பது அடுத்த தவறு. 3-ஆவது துண்டில் ஆற்றங்கரைக் குடிசைகளில் விளக்குகள் எரியத் தொடங்கட்டும், மூட்டை கட்டுகிறார்கள். 6-ஆவதில் குதிரைவீரர்கள் ஓடத்துறையை நோக்கிப் போகட்டும். இரண்டு வரி விவரணை போதும்.

நிறைந்துவிட்டால் சொன்னது நடந்தே ஆக வேண்டும். பாவம் பார்த்து ஒரு முறை தள்ளிப்போட்டால், உங்கள் கடிகாரத்தை அந்தக் குழு மறுபடி நம்பாது.

பகடையை எப்போது எடுப்பது

சண்டையில் இந்தக் கேள்வியே வராது. வாளை வீசினால் உருட்ட வேண்டும். மற்ற காட்சிகளில் ஜிஎம்தான் முடிவு செய்ய வேண்டும். வெல்லவும் வாய்ப்பு, தோற்கவும் வாய்ப்பு, தோற்றால் நிலைமை மாறும் என்ற மூன்றும் இருந்தால் மட்டும் உருட்டச் சொல்லுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பட்டறையின் பூட்டைத் திறக்க ஒருவர் முயல்கிறார் என்று வையுங்கள். கடின எண் 15, அவர் கூட்டும் எண் 3. பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் ஒன்பது வாய்ப்பு, 45 விழுக்காடு. தோற்றார். “திறக்கல” என்கிறார் ஜிஎம். உடனே பக்கத்தில் இருப்பவர், “நானும் பார்க்கிறேன்.” அடுத்தவர், “நானும்.” அதே திறமையுள்ள நான்கு பேர் ஆளுக்கொரு முறை உருட்டினால் யாராவது ஒருவர் வெல்லும் வாய்ப்பு 91 விழுக்காடு. பூட்டு அங்கே இருப்பதற்கே அர்த்தமில்லாமல் போகிறது. இதையே மாற்றி, கதவு, நாய், படிக்கட்டு என்று அடுத்தடுத்து மூன்று உருட்டலிலும் வென்றாக வேண்டும் என்று வைத்தால் வாய்ப்பு 9 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஜிஎம் இரண்டையும் தெரிந்து செய்வதில்லை. கைபோன போக்கில் உருட்டச் சொல்லும்போது தானாக நடந்துவிடுகிறது.

வழி இது: ஒரு சிக்கலுக்கு ஓர் உருட்டல். மற்றவர் எப்படி உதவுகிறார் என்று சொன்னால், உருட்டுபவர் இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். 45 விழுக்காடு அப்போது 70-ஐ ஒட்டி வரும். தோற்றால், “பூட்டு திறந்துவிட்டது, ஆனால் உள்ளே விளக்கு எரிகிறது, யாரோ எழுந்துவிட்டார்கள்” என்று சொல்லுங்கள். தோல்வி வழியை அடைக்கக்கூடாது, போகும் செலவை ஏற்ற வேண்டும். கூடவே கடிகாரத்தில் ஒரு துண்டு.

பெரிய முயற்சிகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு: மூன்று முறை தோற்பதற்குள் நான்கு முறை வெல்ல வேண்டும். 2008-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பு இத்தகைய கணக்கை ஸ்கில் சேலஞ்ச் என்ற பெயரில் கொண்டுவந்தது. பல நூறு கிலோ எடையுள்ள மணியைக் குழியிலிருந்து தூக்கி, தெருவழியே கோட்டை வாசல்வரை கொண்டுபோவது போன்ற வேலைக்கு இது பொருத்தம். ஒருவர் பயன்படுத்திய திறமையை அவரே மறுபடி பயன்படுத்தக்கூடாது என்று ஒரு விதி போடுங்கள்; இல்லாவிட்டால் பலசாலி ஒருவரே நான்கு முறை உருட்டுவார். வாய்ப்பைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். ஒவ்வொரு உருட்டலிலும் 55 விழுக்காடு வாய்ப்பு இருந்தால், மொத்த முயற்சி வெல்லும் வாய்ப்பு 44 விழுக்காடுதான். 65 ஆக்கினால் மொத்தமும் ஏறக்குறைய 65-இல் நிற்கும்.

இருபது விழுந்தால் என்ன கேட்டாலும் நடக்கும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே போக்கிவிடலாம். ஐந்தாம் பதிப்பு விதிப்படி, 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதல் உருட்டலுக்குத்தான். திறன் உருட்டலுக்கு இல்லை. கோட்டைத் தலைவியிடம் போய், “உங்க பதவியை எனக்குக் கொடுங்க” என்று கேட்டு 20 போட்டால், அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரிப்பார். சிறையில் போடாமல் விட்டதே அந்த இருபதின் பலன்.

இதுவரை பார்த்தது: வெட்டினால் தீராத சிக்கல், எல்லோர் கண்ணிலும் படும் கடிகாரம், தோற்றாலும் கதை நகரும் உருட்டல்.

பேச்சை நடிப்பு என்று நினைக்க வேண்டாம், பேரம் என்று நினையுங்கள்

பலசாலிப் பாத்திரம் ஆடுபவரிடம் எழுந்துபோய் மேசையைத் தூக்கிக் காட்டச் சொல்வதில்லை. நாவன்மையுள்ள பாத்திரம் ஆடுபவரிடம் மட்டும் ஏன் சொற்பொழிவு கேட்க வேண்டும்? “அவருக்கு நிலைமையை எடுத்துச் சொல்றேன்” என்றாலே போதும். ஜிஎம் கேட்க வேண்டியது தொனியை இல்லை, சரக்கை: எதைச் சொல்லி? பதிலுக்கு என்ன தருவாய்?

இதற்கு ஜிஎம் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை, முக்கியமான ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று வரி எழுதிவைப்பது. அவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார், எதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். கோபுரக் காவலருக்கு: வேலை போகக்கூடாது, கோட்டைத் தலைவியின் கோபத்துக்குப் பயம், கொல்லரைக் காட்டிக்கொடுக்க மாட்டார். இந்த மூன்று வரி இருந்தால் அரைப் பக்க வாழ்க்கை வரலாறு தேவையில்லை. கடின எண்ணையும் இதிலிருந்தே எடுக்கலாம். அவர் விரும்புவதைத் தந்தால் 10, பயத்தைத் தணித்தால் 15, இரண்டும் இல்லாமல் சும்மா கேட்டால் 20, விட்டுக்கொடுக்காததைக் கேட்டால் பகடையே கிடையாது.

மேசையில் அது எப்படி நடக்கும் என்று பாருங்கள்.

“காவலர்கிட்ட பேசிப் பார்க்கிறேன். உருட்டட்டுமா?”

“இரு. அவர்கிட்டேர்ந்து உனக்கு என்ன வேணும்?”

“மணி எங்கேன்னு சொல்லணும்.”

“சொன்னா அவர் வேலை போயிடும். அதுக்கு நீ என்ன வைக்கிறே?”

“ம்... விரிசல் விட்டது அவர் தப்பில்ல, வார்ப்புலயே கோளாறுன்னு கொல்லரைக் கூட்டிட்டு வந்து சொல்ல வைக்கிறேன்னு சொல்றேன்.”

“கொல்லர்ங்கிற பேரைக் கேட்டதும் கையில இருந்த விளக்கைக் கீழே வைக்கிறார். ‘அவரை எதுக்கு இழுக்கிறீங்க?’ன்னு கேட்கிறார். குரல் மாறிடுச்சு.”

ஆட்டக்காரருக்குத் தெரியாமலே மூன்றாவது வரியில் கை வைத்துவிட்டார். ஜிஎம் அதைத் தோல்வி என்று அறிவிக்கவில்லை. விளக்கைக் கீழே வைக்கும் ஒரு கையை மட்டும் காட்டினார். கொல்லருக்கு இதில் பங்குண்டு என்பது இப்போது மேசைக்கே தெரிந்துவிட்டது.

“சரி, சரி. கொல்லர் பேரு எங்கேயும் வராது. மணியைக் காட்டினா போதும், விரிசலைத் தலைவிகிட்ட நாங்களே காட்டிப் பேசிக்கிறோம்.”

“அது அவருக்கு ஒத்துவரும். இடத்தைச் சொல்லிடுவார், உருட்ட வேண்டாம். ஆனா உங்ககூட வந்து சாட்சி சொல்வாரா? அதுக்கு 15.”

உருட்டல் எங்கே வந்தது என்று கவனியுங்கள். பேசத் தொடங்கும்போது இல்லை. பேரம் படிந்து, படியாமல் மிச்சம் நின்ற இடத்தில் வந்தது. முதலிலேயே உருட்டியிருந்தால், மொத்த உரையாடலும் ஒரு எண்ணுக்குள் அடங்கிப் போயிருக்கும்.

துப்பு: பகடைக்குப் பின்னால் பூட்டிவைக்காதீர்கள்

துப்பறியும் அமர்வுகள் நடுவழியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கதை நகர ஒரு துப்பு வேண்டும், அந்தத் துப்புக்கு ஒரு உருட்டல் வேண்டும், உருட்டலில் எல்லோரும் தோற்றுவிட்டார்கள். ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ என்ற விதிமுறை இதற்காகவே எழுந்தது. அதில் தகுந்த திறமையுள்ளவர் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் துப்பு உருட்டாமலே கிடைத்துவிடும். ஆட்டம் துப்பைக் கண்டெடுப்பதில் இல்லை, அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் என்பது அதன் வாதம். சரியான வாதம்.

அதோடு, ஜிஎம்கள் நடுவே வெகுவாகப் புழங்கும் விதி ஒன்று உண்டு: ஆட்டக்காரர் ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால், அதைச் சுட்டும் துப்பு குறைந்தது மூன்று வைக்க வேண்டும். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். மணிக் கதையில் கோபுரச் சன்னல் ஓரத்தில் தடித்த வடக்கயிற்றின் நாரும் மசகும் ஒட்டியிருக்கின்றன. பட்டறைக்குப் போகும் பாதையில் வண்டித்தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. திரும்பி வரும் தடம் மேலோட்டமாக இருக்கிறது. கடைசி மூன்று நாளாக மணி ஓட்டைப் பானைபோல் ஒலித்தது என்று தெருப்பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள். முதலாவதற்கு ஏறத் தெரிய வேண்டும், இரண்டாவதற்குத் தடம் பார்க்கத் தெரிய வேண்டும், மூன்றாவதற்குப் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்தால் போதும்.

மந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொய் பேச முடியாத வட்டத்தை உருவாக்கும் ஜோன் ஆஃப் ட்ரூத் போன்றவற்றைப் பார்த்துப் பல ஜிஎம்கள் பயந்து தடை போடுகிறார்கள். விதியைப் படித்தால் பயம் தெளியும். அகப்பட்டவருக்குத் தான் மந்திரத்துக்குள் இருப்பது தெரியும். பொய் சொல்ல முடியாதே தவிர, வாயை மூடிக்கொண்டிருக்கலாம், சுற்றி வளைத்தும் பேசலாம். காவலர், “ஓடக்காரர் மணியைத் தொட்டதை நான் பார்க்கல” என்பார். முழு உண்மை.

முறை: எல்லோருக்கும் ஒரு வேலை

சண்டையில் வரிசை இருக்கும். பேச்சில் வரிசை இல்லாததால், வாயாடி ஒருவர் இரவு முழுவதையும் எடுத்துக்கொள்வார்; அவர் கெட்டவர் இல்லை, யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். மருந்து: மேசையைச் சுற்றி வாருங்கள். “அவங்க கோபுரத்துல இருக்கும்போது நீ எங்கே இருக்கே?” என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். குழு பிரிந்துபோவதைச் சண்டை அமர்வில் தவிர்ப்பார்கள். இங்கே அது வரம். ஒருவரிடம் ஐந்து முதல் ஏழு நிமிடம் செலவிட்டு, ஒரு கேள்வி எழுந்து நிற்கும் இடத்தில் வெட்டி அடுத்தவரிடம் போங்கள். கதவுக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்கிறது, வெட்டு.

வாளே கதி என்று பாத்திரத்தை உருவாக்கியவர் என்ன செய்வார்? அமர்வுக்கு முன்னால் எல்லோருடைய பாத்திரத் தாளையும் வாங்கிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய சிறந்த திறமை தேவைப்படும் இடம் குறைந்தது இரண்டு இருக்கிறதா? இல்லாவிட்டால் சேருங்கள். மணியைத் தூக்கத் தோள் வேண்டும். கோட்டைக் காவல்படைத் தலைவர் இன்னொரு படைவீரரைத்தான் மதிப்பார். மந்திரவாதியின் பேச்சு அவரிடம் எடுபடாது. சரியும் குழியின் சுவரை முட்டுக்கொடுத்து நிறுத்த ஆள் வேண்டும்.

உயிர்ப்புள்ளிக்கு ஈடாக ஏதாவது குறைந்துகொண்டே வர வேண்டும் என்று சொன்னோம். இதற்குப் புது விதி தேடி அலைய வேண்டாம். ஐந்து பொத்தானையோ காசையோ மேசையில் வைத்து, “இது கோட்டையில் உங்களுக்கு இருக்கும் நற்பெயர்” என்று சொல்லுங்கள். தோற்ற ஓர் உருட்டலைத் திரும்ப உருட்ட ஒன்று செலவாகும். பொய் அம்பலமானாலோ, கதவை உடைத்தாலோ ஒன்று போகும். தலைவி முன்னால் போய் நிற்கும்போது எத்தனை மிச்சம் இருக்கிறதோ, அதைப் பொறுத்து அவர் உட்காரச் சொல்வார் அல்லது நிற்க வைத்தே கேட்பார்.

நேரக் கணக்கும் வழக்கமான தடுமாற்றமும்

மூன்று மணி நேரத்தில் நான்கு அல்லது ஐந்து காட்சிதான் கொள்ளும். தொடக்கத்துக்குப் பதினைந்து நிமிடம்: சிக்கல், கடிகாரம், இருப்பது ஓர் இரவு. பிறகு விசாரணைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், மணியைக் கண்டுபிடித்து நகர்த்த முக்கால் மணி, தலைவி முன் வாதாட அரைமணி. மிச்சம் இடைவேளைக்கும், நீங்கள் எதிர்பார்க்காத ஏதோ ஒன்றுக்கும். அது நிச்சயம் வரும்.

அடிக்கடி நடப்பது, திட்டம் போட்டே நேரம் கரைவது. “முன்வாசல்ல போனா? பின்வாசல்ல போனா?” என்று இருபது நிமிடம் ஓடும். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் வட்டத்தில் ஒரு துண்டு நிரம்பும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பென்சிலைக் கையில் எடுத்தாலே பெரும்பாலும் முடிவு வந்துவிடும்.

இன்னொன்று, ஜிஎம்மின் இரண்டு பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசுவது. தலைவியும் அமைச்சரும் வாக்குவாதம் செய்ய, ஜிஎம் இரண்டு குரலில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார்; மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். “இருவரும் கடுமையாக வாதாடினார்கள், அமைச்சர் கை ஓங்கியது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஆட்டக்காரர் பக்கம் திரும்புங்கள்.

யாராவது வாளை உருவிவிட்டால்

உருவுவார்கள். சண்டையில்லாத அமர்வு என்று முன்பே பேசிவைத்து, எல்லோரும் தலையாட்டியிருந்தாலும், பட்டறையில் கொல்லரின் உதவியாள் வழிமறிக்கும்போது ஒரு கை இடுப்புக்குப் போகும். “கூடாது” என்று சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

“அவனை வெட்டணுமா, இல்ல வழி விடணுமா?”

“வழி விட்டா போதும்.”

“சரி. உருட்டு. ஜெயிச்சா பயந்து விலகிடுவான், ஆனா ஒரு நற்பெயர் போகும். தோத்தா அவன் கத்துவான், ரெண்டு துண்டு நிரம்பும். உருட்டறியா, வேற ஏதாவது பார்க்கிறியா?”

விலையை முன்னால் சொல்லிவிட்டு, ஒரே உருட்டலில் முடித்துவிடுகிறோம். வரிசை இல்லை, உயிர்ப்புள்ளி இல்லை, நாற்பது நிமிடம் வீணாவதும் இல்லை. பாதிப் பேர் இந்த இடத்தில் வாளை உறைக்குள் தள்ளிவிட்டு, உதவியாளின் பெயரைக் கேட்பார்கள்.

அப்புறம் அனுபவப் புள்ளி. கொன்றதற்கு மட்டும் புள்ளி கொடுக்கும் ஜிஎம் எத்தனை அழகாக அமர்வை அமைத்தாலும், அடுத்த வாரம் கை தானாக இடுப்புக்குப் போகும். மணிக் கதைக்கான புள்ளியை மூன்று பங்காகப் பிரித்து, அமர்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மணியைக் கண்டுபிடித்தால் ஒரு பங்கு, முத்திரை விழாமல் தடுத்தால் ஒரு பங்கு, வேறு யார் வாழ்க்கையும் கெடாமல் முடித்தால் ஒரு பங்கு. விடியும்போது ஓடக்காரர்கள் கட்டிய மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்து, கோபுரக் காவலர் மட்டும் வேலையிழந்து நின்றால், கணக்கு மூன்றில் இரண்டு.